நூற்று முப்பது கலோரி

ஆரணி,
8.1.2024

அன்புள்ள சூர்யகலா,

நான் நலம். வலது காது போய் மூன்று வருஷமாகிறது. இப்போது இடதும் மந்தமாகிவிட்டது. மற்றபடி குறையில்லை. பொக்காரோவின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் நீ பேசுவது எனக்குக் கொசு பறப்பது போலக் கேட்கிறது. ஆகையால் வழக்கம்போலக் கடிதம். கடிதத்தில் யாரும் முணுமுணுக்க முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். கீழ்ப் போர்ஷன் அகல்யா, நீ அவளுக்கு அனுப்பிய கல்யாண வீட்டுப் படத்தைத் தன் போனில் காட்டினாள். நீ உட்கார்ந்திருந்தாய். நாற்காலி தெரியவில்லை. "நல்லாத்தான கீறாங்க டீச்சரம்மா, மொகத்துல இன்னா களை பாருங்க" என்று என் காதருகே கத்தினாள். களை வேறு, கொழுப்பு வேறு. முப்பத்தைந்து வருஷம் பெண்பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவள் நான்; எதையும் அதன் பெயரால்தான் சொல்வேன். உனக்கு வயது நாற்பத்தெட்டு. உன் அப்பாவுக்குச் சர்க்கரை வந்த வயது அது. சந்தவாசல் வரன் ஏன் தட்டிப்போனது என்று உனக்கு நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

இரவு சோற்றை நிறுத்து. அதற்குப் பதில் இதைச் செய். ஒரு கப் மைதா, முக்கால் கப் கெட்டித் தயிர், ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் உப்பு. இவ்வளவுதான். எண்ணெய், வெண்ணெய், சர்க்கரை, ஈஸ்ட் எதுவும் கிடையாது. பிசைந்து நான்கு பன்னாக உருட்டி ஓவனில் இருபது நிமிஷம் வை. ஒன்று நூற்று முப்பது கலோரி. அகல்யா போனில் காட்டிய முறை இது. நான் ஐந்து முறை செய்து திருத்திய பிறகே உனக்கு அனுப்புகிறேன். சேத்துப்பட்டு கான்வென்டில் சிஸ்டர் பிலோமினாவிடம் பன் சுடக் கற்றவளுக்கு இதில் ஒன்றும் கஷ்டமில்லை. உனக்கும் இருக்கக் கூடாது.

பதிலில் உன் எடையை எழுது. உண்மையான எடையை.

அம்மா,
கோ. அபிதகுசாம்பாள்


பொக்காரோ,
24.1.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே இருவரும் சௌக்கியம். காதுக்குச் சொட்டு மருந்து விடறீங்களா? குளிர்ல பஞ்சு வெச்சுக்கோங்க.

எடை தொண்ணூத்தொண்ணு. பொய் இல்லை. செருப்பைக் கழட்டிட்டுத்தான் ஏறினேன்.

பன் செஞ்சேன். மாவு கையை விட்டு வரவே இல்லை, கழுவக் கால் மணி நேரம் ஆச்சு. வெந்த பிறகு ஒண்ணை எடுத்து இவர் மேஜை மேல தட்டிப் பார்த்தார். "உங்கம்மா இதை ஸ்டீல் பிளான்ட்டுக்கே அனுப்பியிருக்கலாம், ஃபர்னஸுக்கு செங்கல் வேணும்னு கேட்டுகினு இருக்கான்" அப்படின்னார். ரெண்டு நாள் சிரிச்சோம். இந்தக் குளிர்ல தயிரும் சரியா உறையலை.

திரும்ப முயற்சி பண்றேன். அந்தப் படத்தில நாற்காலி இருந்தது அம்மா. பிளாஸ்டிக் நாற்காலி.

உங்கள்,
சூர்யா


ஆரணி,
2.2.2024

அன்புள்ள சூர்யகலா,

உன் கடிதம் கிடைத்தது. என் காது அப்படியே இருக்கிறது. நீ அதைப் பற்றிக் கவலைப்படாதே. பேசுவது போலவே எழுதும் பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது? எழுத்து என்றால் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு வெளியே வருவது.

இரண்டு தவறு செய்திருக்கிறாய். தயிரை வடிக்கவில்லை. மெல்லிய வேட்டித் துணியில் கட்டி இரண்டு மணி நேரம் தொங்கவிடு. நீர் இறங்கி, கரண்டியில் எடுத்தால் விழாமல் நிற்க வேண்டும். அடுத்தது, சப்பாத்தி மாவைப் போல அடித்துப் பிசைந்திருக்கிறாய். இதை ஒன்றாகச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். சேர்ந்ததும் கையை எடுத்துவிடு. எங்கே கையை எடுப்பது என்று தெரியாதவர்களுக்குத்தான் ரொட்டி கல்லாகும் என்பார் சிஸ்டர் பிலோமினா.

மாப்பிள்ளையின் நகைச்சுவையை ரசித்தேன் என்று சொல். அடுத்த கடிதத்தில் எண்பதில் ஆரம்பிக்கும் எண்ணை எதிர்பார்க்கிறேன்.

அம்மா


பொக்காரோ,
20.2.2024

அன்புள்ள அம்மா,

நாங்கள் நலம். நீங்கள் நலமா? (தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.)

தயிரை வடித்தேன். மாவு சேர்ந்ததும் கையை எடுத்துவிட்டேன். பன் மிருதுவாக, பழுப்பு நிறத்தில் வந்தது. இவர் மூன்றைத் தின்றுவிட்டு என்னைப் பார்த்து, "நீ இளைக்கிறதுக்கு நான் ஏன் குண்டாவணும்?" என்றார்.

எடை எண்பத்தேழு.

உங்கள்,
சூர்யா


ஆரணி,
1.3.2024

அன்புள்ள சூர்யா,

எண்பத்தேழு என்ற எண்ணைப் படித்ததும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தேன். ஒரு மாதத்தில் நான்கு கிலோ. மனக்கட்டுப்பாடு இருந்தால் எல்லாம் நடக்கும் என்று நான் சொன்னபோதெல்லாம் நீ முகத்தைத் திருப்பிக்கொள்வாய். இப்போது உன்னாலேயே நிரூபித்துவிட்டாய்.

உன்னை நினைத்துப் பெருமைப்படுகிறேன். இந்த வாக்கியத்தை எழுதிவிட்டுத் திருத்தம் ஏதாவது வேண்டுமா என்று பார்த்தேன். வேண்டியதில்லை.

அகல்யாவிடம் சொன்னேன். அவள் தறியிலிருந்து எழுந்து வந்து, "அப்டி சொல்லுங்க! பொண்ணப் பத்தி நீங்க நல்லதா ஒரு வார்த்த சொல்லி இன்னிக்கிதான் கேக்குறேன்" என்றாள். வாயாடி.

இனி மாவில் சீரகமும் பொடியாக நறுக்கிய பூண்டும் சேர். வளையமாகச் செய்தால் நடுவில் துளை வரும். கலோரி இன்னும் குறையும். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அம்மா


பொக்காரோ,
22.3.2024

அன்புள்ள அம்மா,

நலமே. வெயில் ஆரம்பித்துவிட்டது, நீங்கள் வெளியே போகாதீர்கள்.

போன கடிதத்தை நான்கு தடவை படித்தேன். பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். புடவை எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படும். நாற்பத்தெட்டு வயதில் இப்படி ஒரு பிழைப்பா என்று இவர் கேலி செய்கிறார்.

எடை எண்பத்தொன்று.

கொஞ்சம் அசதியாக இருக்கிறது. ராத்திரியில் முதுகு வலிக்கிறது. டாக்டரிடம் காட்டலாம் என்று இவர் நச்சரிக்கிறார். எல்லாம் அம்மா ரொட்டியின் மகிமை, சும்மா இருங்கள் என்றேன். சரிதானே அம்மா? சீரகமும் பூண்டும் நன்றாக இருந்தது.

உங்கள்,
சூர்யா


ஆரணி,
2.4.2024

அன்புள்ள சூர்யா,

எண்பத்தொன்று! நான் இருக்கும் இடத்திலிருந்தே உன் நடை மாறியிருப்பது தெரிகிறது.

நான் சௌக்கியம். மாப்பிள்ளை பயப்படுவது இயற்கை. மனைவி இளைத்தால் சோறு போடவில்லை என்று ஊர் சொல்லும் என்ற கவலைதான் ஆண்களுக்கு. கொழுப்பு கரையும்போது உடம்பு முனகும். சுமந்து பழகியதை இறக்கி வைத்தால் முதுகுக்குக் கொஞ்ச நாள் ஒன்றும் புரியாது. இதற்கெல்லாம் டாக்டரிடம் போனால் அவர் முதலில் நன்றாகச் சாப்பிடச் சொல்வார். உன் மூன்று மாத உழைப்பு வீணாகும். போகாதே. எழுபதில் வந்து நின்றுகொள். பிறகு டாக்டர், மாப்பிள்ளை, யார் பேச்சை வேண்டுமானாலும் கேட்கலாம்.

தீபாவளிக்கு நீங்கள் இருவரும் இங்கே வாருங்கள். இந்தத் தெரு உன்னைப் பார்க்கட்டும்.

அன்புடன்,
அம்மா


பொக்காரோ,
14.5.2024

அன்புள்ள அம்மா,

பதில் தாமதமாகிவிட்டது. மன்னிக்கவும். நாங்கள் நலம். உங்கள் காது எப்படி இருக்கிறது? அகல்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்குங்கள்.

எடை எழுபத்துமூன்று. நீங்கள் சொன்ன எழுபதுக்கு இன்னும் மூன்றுதான்.

வெயில் கடுமை. உங்கள் ஊரிலும் அப்படித்தான் இருக்கும். நேற்று திடீரென்று உங்கள் கை வாசனை ஞாபகம் வந்தது. சாக்பீஸும் பான்ட்ஸ் பவுடரும் கலந்த ஒரு வாசனை. எழுத வேண்டும் என்று தோன்றியது.

அடுத்த கடிதம் தாமதமானால் கவலைப்படாதீர்கள்.

உங்கள்,
சூர்யா


ஆரணி,
16.5.2024

சூர்யகலாவுக்கு,

நான் நலம்.

பதினான்காம் தேதி பொக்காரோவில் எழுதிய உன் கடிதம் பதினைந்தாம் தேதி காலையில் ஆரணியில் கிடைத்துவிட்டது. வழக்கமாக ஒரு வாரமாகும். தபால் இலாகா இவ்வளவு திருந்தியது பற்றி மகிழ்ச்சி.

வேலூரிலிருந்து ஆரணிக்குப் பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் இருக்கிறது. ஒன்றரை மணி நேரப் பயணம். பொது அறிவுக்காக எழுதுகிறேன்.

எழுபத்துமூன்று நல்ல எடைதான்.

கோ. அபிதகுசாம்பாள்


பொக்காரோ,
5.7.2024

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

தென்னரசு எழுதுகிறேன். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சூர்யாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

அவளுக்குக் கணையத்தில் புற்றுநோய். ஏப்ரல் இரண்டாவது வாரம் அவள் ரத்தம் வராத குறையாக வாந்தி எடுத்தபோது, நான் சண்டை போட்டு இங்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ஸ்கேன் பார்த்ததும் வேலூர் போங்கள் என்றார்கள். எங்கள் ஊரில் யாருக்குப் பெரிய வியாதி வந்தாலும் வேலூர்தான். ஏப்ரல் இருபத்தாறிலிருந்து ஜூன் முப்பது வரைக்கும் வேலூரில் ஒரு லாட்ஜில் இருந்தோம். அறுபத்தைந்து நாள். கடைசியில் டாக்டர்கள், இனி வீட்டில் வைத்து வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

உங்களுக்குச் சொல்லலாம் என்று தினமும் கேட்டேன். சத்தியம் வாங்கிக்கொண்டாள். "எங்கம்மா ஜென்மத்துல ஒரு தடவைதான் என்னைப் பத்திப் பெருமைன்னு எழுதியிருக்காங்க. அது சீக்குன்னு தெரிஞ்சா அந்த வரியை அவங்க திருத்திடுவாங்க" என்றாள். மே மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவளே, "வாங்க, ஆரணி போலாம்" என்று கிளம்பினாள். பஸ்ஸில் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். பாதி வழியில் கண்ணமங்கலம் வந்ததும் இறங்கிவிட்டாள். எதிர்ப்பக்கம் நின்ற வேலூர் பஸ்ஸில் திரும்பி வந்தோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரியில் நன்றாக வந்த அந்த பன்னில் அவள் பாதி தின்றாள். அதற்குப் பிறகு எதுவும் இறங்கவில்லை. ஆனாலும் வாரம் இரண்டு தடவை சுட்டாள். உங்களுக்கு எழுதுவதற்காக. தின்றது நான்.

உங்கள் மே மாதக் கடிதம், திரும்பி வந்தபோது கதவுக்கடியில் கிடந்தது. அதைப் படித்த பிறகு அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. வரமுடியுமா அத்தை?

தென்னரசு


ஆரணி,
11.7.2024

மாப்பிள்ளை தென்னரசு அவர்களுக்கு,

கடிதம் நேற்று கிடைத்தது. அகல்யா உங்களோடு போனில் பேசிவிட்டாள். அவளுடைய வீட்டுக்காரர் தன்பாத் வண்டியில் எனக்கு இடம் பிடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காட்பாடியில் ஏறுகிறேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வருமோ பின்னால் வருமோ தெரியாது. போனில் அகல்யாவின் வாயால் சொல்லக் கூடாதவை இருப்பதால் எழுதுகிறேன்.

உறையின் மேல் வேலூர் முத்திரை இருந்ததைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஊருக்கு வந்தும் பெற்றவளைப் பார்க்க வராத மகள் என்றுதான் நினைத்தேன். அவள் மன்னிப்புக் கேட்டு எழுதட்டும் என்று காத்திருந்தேன். அகல்யா போன் போட்டுக் கேட்கட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். "வேணான்னா வேணாம், நீங்களே பேஜாராயிகினு இருங்க" என்று போய்விட்டாள். மே பதினைந்திலிருந்து ஜூன் முப்பது வரை, நாற்பத்தாறு நாள், அவள் ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருந்தாள். அது எனக்குத் தெரிந்தும் இருந்தது. நான் வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

டாக்டரிடம் போகாதே என்று எழுதியவளும் நான்தான். அந்தக் கடிதத்தை நீங்கள் படித்திருப்பீர்கள். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உங்கள் பெரியவர்கள் உங்களை நன்றாக வளர்த்திருக்கிறார்கள்.

நான் வருவதை அவளிடம் சொல்லுங்கள். புடவை மாற்றிக்கொண்டு எழுந்து உட்கார வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

அபிதகுசாம்பாள்


பொக்காரோ. நோட்டுப் புத்தகத்தில்.

17.7.2024

அம்மா, நான் பேசறது உங்களுக்குக் கேக்கலை. கத்த எனக்குத் தெம்பில்லை. நேத்து பூரா ரெண்டு பேரும் முழிச்சுகிட்டு இருந்தோம். அதான் இவரை நோட்டு வாங்கிட்டு வரச் சொன்னேன். கட்டில்ல இருந்து நாற்காலிக்குத் தபால். மறுநாள் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.
சூர்யா

சூர்யா,
நல்ல ஏற்பாடு. வலி எப்படி இருக்கிறது?
அம்மா

மாத்திரை போட்டா பரவாயில்லை. நீங்க எடையைக் கேக்கலையே?

கேட்கமாட்டேன்.

20.7.2024

அம்மா, சமையலறையில ஒரே நெய் வாசனை. என்ன பண்றீங்க?

சோமாஸ். பொட்டுக்கடலை, தேங்காய், முந்திரி, நிறைய சர்க்கரை. சின்ன வயதில் டப்பாவைப் பரண் மேல் வைத்துப் பூட்டுவேன். நீ ஏணி போட்டு ஏறுவாய். இங்கே பரணும் இல்லை, பூட்டும் இல்லை. சாப்பிடு.

நீங்க எனக்கு "சாப்பிடு"ன்னு எழுதினது இதான் முதல் தடவை. தேதி போடுங்க.

20.7.2024, காலை பதினொன்றரை மணி.

ஒரு ஓரம் கடிச்சேன். இறங்கலை. ஆனா வாயில இனிப்பு இருக்கு. மீதியை இவருக்குக் குடுங்க. பாவம், மூணு மாசமா உங்க பன்னையே தின்னாரு.

கொடுத்தேன். ஏழு தின்றார். ஏழாவது தின்னும்போது அழுதார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

28.7.2024

அம்மா, கண்ணமங்கலத்தில இறங்கினதுக்குக் கோபமா?

இல்லை. உனக்கு அங்கே வரைக்குமாவது வரத் தோன்றியது. நான் கீழ்ப்படி வரை இறங்கவில்லை.

அந்த வரியைத் திருத்தப் போறீங்களா? பீரோக் கதவுல இருக்கே, அந்த வரி.

எழுதியது எழுதியதுதான். காரணத்தை மட்டும் தப்பாகப் போட்டிருந்தேன்.

4.8.2024

அம்மா, தலை வாரி விடேன். முடி கொஞ்சம்தான் இருக்கு. இருக்கறதை வாரு.

வாரிவிட்டேன். பின்னல் போட வரவில்லை. ரிப்பன் கட்டியிருக்கிறேன். கண்ணாடி கொண்டுவரட்டுமா?

வேணாம். நீ பாத்தா போதும்.

9.8.2024

அம்மா, ஒண்ணு கேக்கறேன். டீச்சரா பதில் சொல்லு, அம்மாவா சொல்லாதே. பொய் வேணாம். நான் குண்டா இருந்தப்போ உனக்கு என்னைப் பிடிச்சிருந்ததா?

சூர்யா,
கேள்வியைப் படித்துவிட்டு நிமிர்ந்தேன். அதற்குள் தூங்கிவிட்டாய். மாப்பிள்ளை நர்ஸை அழைத்துவரப் போயிருக்கிறார்.

நீ ஆரணி கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் பிறந்தாய். மூன்றே முக்கால் கிலோ. நர்ஸ் உன்னைத் தராசில் வைத்து, இந்த வருஷம் இங்கே பிறந்ததில் இதுதான் பெரிய குழந்தை என்றாள். அன்றைக்குப் பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் நான் அந்த எடையைத்தான் சொன்னேன். பெயர் என்ன, யார் ஜாடை என்று அவர்கள் கேட்டார்கள். நான் மூன்றே முக்கால் கிலோ என்றேன். உன் அப்பா, போதும், கண் பட்டுவிடும் என்றார். எனக்கு நிறுத்த முடியவில்லை. உன்னைத் தூக்கினால் கை வலிக்கும். அந்த வலி எனக்குப் பிடித்திருந்தது. மாற்றி வைத்துக்கொள்ளாமல் ஒரே கையில் வைத்திருப்பேன்.

அதை எப்போது மறந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். எந்த வருஷம் என்று சொல்லத் தெரியவில்லை.

பிடித்திருந்தது. இதை டீச்சராகத்தான் எழுதுகிறேன்.

பதில் நீளமாகிவிட்டது. எழுந்ததும் படி.